டிராக்டர் கொட்டகையும் பட்டறையும்

பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய டிராக்டரை வேப்பமரத்தடியில் நிறுத்தி வைப்பது கிராமங்களில் சாதாரணமாய்க் காணப்படும் வழக்கம். வெயிலில் டயர் வெடிப்புக் காணும். மழையில் கலப்பைக் கொழுக்கள் துருவேறும். மின்கம்பிகளை எலி கடிக்கும். முதல் மழைக்குப் பின் மானாவாரி நிலத்தில் உழவுப் பதம் நிற்பது சில தினங்களே. அச்சமயம் ஒரு போல்ட் முறிந்து, அதன் பொருட்டுப் பட்டணம் சென்று திரும்புவதற்குள் பதம் தப்பிவிடும். ஆதலால் கொட்டகையும் சிறு பட்டறையும் ஆடம்பரமல்ல. மகசூலைக் காக்கும் சாதனங்களாம்.

அளவு: அஸ்திவாரம் தோண்டுமுன் இயந்திரங்களை அளத்தல் வேண்டும். 45 குதிரைத் திறனுள்ள டிராக்டர் ஏறக்குறைய 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. ரோட்டவேட்டரைப் பூட்டினால் நீளம் சுமார் 15 அடியாகும். சுற்றிலும் ஆள் நின்று வேலை செய்ய 3 அடி இடம் வேண்டும். ஆகவே 40 அடி நீளமும் 24 அடி அகலமுமான கொட்டகையில், டிராக்டருக்கும் டிரெயிலருக்கும் 12 அடி வீதம் ஒதுக்கினால், எஞ்சிய 16 அடி பட்டறைக்கு ஆகும். முதலில் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடிட்டு, டிராக்டரை அதற்குள் ஓட்டி நிறுத்திப் பார்ப்பது நலம். கோட்டை அழிக்கச் செலவில்லை. சுவரை இடிக்கச் செலவுண்டு.

இடம்: மேட்டுப்பாங்கான இடமே தக்கது. எல்லைக் கற்களைக் கிராம அதிகாரிகளைக் கொண்டு சரிபார்த்து, வாய்க்கால் புறம்போக்கில் ஓர் அடியும் சேராதபடி கட்ட வேண்டும். ஊராட்சி அனுமதியையும் முன்னதாகவே பெறுதல் நன்று.

தரை: கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், கெட்டியான அடிமண் வரை அஸ்திவாரம் செல்ல வேண்டும். தரைக்கு 6 அங்குலக் கான்கிரீட் இட்டு, 8 அடிக்கு ஓர் அங்குலம் வாயிற்புறம் சரியச் செய்து, 10 நாள் நனைத்து வைக்க வேண்டும்.

கூரை: 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தின் அருகே கரை கடந்த கஜா புயல் பல தகரக் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. தகரம் சட்டத்தோடும், சட்டம் தூணோடும், தூண் அஸ்திவாரத்தோடும் இறுகப் பிணைந்திருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பயன்படா.

பட்டறை: வேலை மேஜையை வடக்கு ஜன்னலோரம் அமைத்தால் கண் கூசாத வெளிச்சம் நாள் முழுதும் கிட்டும். டீசலையும் பெட்ரோலையும் வெல்டிங் செய்யுமிடத்தில் வைக்கலாகாது. அவற்றுக்குத் தனியறை வேண்டும். பாட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளிப்படுமாதலால் காற்றோட்டம் அவசியம். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டினால், மணமற்ற விஷவாயு ஆளைக் கொல்லும். மின்கசிவில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

கொட்டகை முழுவதையும் ஒரே வருஷத்தில் முடிக்க வேண்டுமென்பதில்லை. அஸ்திவாரமும் தூண்களும் கூரையும் முதலில் அமையட்டும். சுவர் அடுத்த அறுவடைக்குப் பின் எழும்பலாம். அளவில் மட்டும் ஆரம்பத்திலேயே பிழை நேராதிருத்தல் வேண்டும்.