பன்றிக்குச் சோதனை, வளர்ப்போருக்குப் பழியா?

2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 இன்ஃபுளுவன்சாவுக்குப் ‘பன்றிக்காய்ச்சல்’ என்ற பெயர் வழங்கியதும், பழி பன்றி வளர்ப்போர் மீதும் விழுந்தது. எகிப்து அரசு அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல ஆணையிட்டது. அப்போது அந்நாட்டில் ஒருவருக்குக்கூட அந்நோய் உறுதிசெய்யப்பட்டிருக்கவில்லை. கெய்ரோ நகரின் குப்பையை அள்ளி, அதிலுள்ள உணவுக்கழிவைக் கொண்டு பன்றி வளர்த்துவந்த ஸபாலீன் எனப்படும் சிறுபான்மைக் கிறித்தவர்கள் வாழ்வாதாரத்தை இழந்தனர்.

தமிழகத்திலும் பன்றி வளர்ப்பு சாதியோடு பிணைக்கப்பட்ட தொழில். காய்ச்சல் பரவும் காலங்களில், சான்று ஏதுமின்றியே சந்தேகம் அதைச் செய்வோர் குடியிருப்புகளை நோக்கித் திரும்புகிறது. இந்தச் சூழலில்தான் களத்திலேயே செய்யத்தக்க கையடக்கச் சோதனைகளின் அரசியல் முக்கியத்துவத்தை நோக்க வேண்டும்.

பன்றியின் மூச்சுக்குழாய் அணுக்களில் பறவை வைரசும் மனித வைரசும் ஒட்டிக்கொள்ள இயலும். இன்ஃபுளுவன்சாவின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இரு வைரசுகள் ஒரே அணுவில் புகுந்தால் துண்டுகள் இடம்மாறிப் புதிய வகை தோன்றலாம். 2009-இன் வைரசு மெக்சிகோவின் நடுப்பகுதிப் பன்றிகளில் உருவானது என்றும், அதன் மூதாதை வைரசுகள் கண்டம் கடந்த பன்றி வணிகத்தின் வழியே அங்கு வந்தன என்றும் 2016-இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. மனிதரிடமிருந்து பன்றிகளுக்கும் இவ்வைரசு தொற்றியுள்ளது. நன்கு சமைத்த இறைச்சியால் அது பரவாது.

நோயுற்ற பன்றி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறிவிடும். வைரசை வெளியிடுவதும் ஏறத்தாழ அந்நாட்களில்தான். மதுரை பழங்காநத்தத்தில் எடுக்கும் மாதிரி, விலங்குகளின் கொடிய தொற்றுகளை ஆராயும் போபால் தேசிய ஆய்வகம் வரை சென்று முடிவு திரும்புவதற்குள் அக்காலம் கடந்துவிடக்கூடும்.

களச்சோதனையில் பன்றியின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கலாம். அல்லது பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டு, பன்றிகள் மென்றபின் எச்சிலைப் பிழிந்தெடுக்கலாம். மின்கலத்தில் இயங்கும் சிறு கருவி ஏறத்தாழ 65 டிகிரி வெப்பத்தில் வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கி, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு தரும். உள்ளங்கையில் அடங்கும் மரபணு வாசிப்புக் கருவிகளும் உள்ளன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 2018-இல் பன்றிக் கண்காட்சி ஒன்றில் இத்தகைய கருவியால் வைரசுகளின் மரபணுக்களை ஒரு நாளுக்குள் வாசித்தனர்.

ஆயினும் ‘இல்லை’ என்ற முடிவு முழு உறுதியன்று. மாதிரியில் வைரசு குறைவாயின் கருவி தவறவிடலாம். ‘உண்டு’ என்ற முடிவும் கொல்வதற்கான ஆணையன்று. சில நாள் தனிமைப்படுத்தலே போதுமானது.

ஆகவே கருவியோடு உரிமைகளும் வர வேண்டும். முடிவு முதலில் வளர்ப்போருக்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும். அவர்தம் பெயரும் தெருவும் வெளியிடப்படலாகாது. முகக்கவசம், தடுப்பூசி, மருத்துவம் ஆகியவை அவர்களுக்கே முதலில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஏனெனில் தொற்றின் அபாயத்தை முதலில் எதிர்கொள்வோர் அவர்களே. தனிமைப்படுத்தும் நாட்களின் வருமான இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும். இவ்வுறுதிகள் இன்றேல், மாதிரி எடுக்க வருவோரைக் கண்டதும் மக்கள் பன்றிகளை மறைப்பர். கண்காணிப்பும் அங்கேயே தோற்கும்.