புகைமூட்டமும் நம் பணப்பையும்

2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25ஆம் தேதி, புகைமூட்டம் காரணமாகத் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளும் மூச்சுவிடத் திணறிய ஆஸ்துமா நோயாளிகளும் அந்த நாள்களை எளிதில் மறக்கமாட்டார்கள். 2015ல் இந்தோனீசியாவில் 26 லட்சம் எக்டர் நிலம் எரிந்ததாக உலக வங்கி கணக்கிட்டது.

எங்கோ எரியும் காட்டுக்கும், பேரங்காடியில் நாம் நீட்டும் பத்து வெள்ளிக்கும் என்ன தொடர்பு?

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பரந்த சதுப்பு நிலங்கள் உள்ளன. பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிய செடிகொடிகளே அங்கு மண்ணாகக் கிடக்கின்றன. செம்பனை நடவும், காகிதக்கூழுக்கான மரம் வளர்க்கவும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், அந்த மண் காய்ந்து விறகுபோல் ஆகிவிடும். தீப் பிடித்தால், மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அந்த நிலங்களின் விளைச்சல் சமையல் எண்ணெயாக, பிஸ்கட்டாக, உடனடி நூடல்ஸாக, சவர்க்காரமாக, டிஷ்யூ தாளாக நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

வாங்குபவர்களுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது 2015 அக்டோபரில் தெரிந்தது. புகைமூட்டத்துடன் தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஒரு பெரிய காகித நிறுவனத்தின் பொருள்களை ஃபேர்பிரைஸ் உள்ளிட்ட பேரங்காடிகள் அலமாரிகளிலிருந்து அகற்றின. எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்கு எதிரான சட்டம் 2014ஆம் ஆண்டிலேயே இங்கு நிறைவேறிவிட்டது. ஆனால், வழக்குக்குச் சான்று திரட்டக் காலம் பிடிக்கும். அலமாரிகளோ சில நாள்களில் காலியாயின.

அப்படியானால் செம்பனை எண்ணெயையே ஒதுக்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஓர் எக்டர் நிலத்தில் செம்பனை தரும் எண்ணெய், சோயா தருவதைவிடப் பல மடங்கு அதிகம். எல்லாரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் இன்னும் அதிக நிலம் தேவைப்படும். மேலும், செம்பனைத் தோட்டம் நம் மக்களுக்கு அந்நியமானதன்று. மலேசியத் தோட்டங்களில் ரப்பருக்குப் பின் செம்பனை வந்தபோது, குலை வெட்டியவர்களிலும் உதிர்ந்த பழம் பொறுக்கியவர்களிலும் தமிழர்கள் பலர். இன்றும் எண்ணற்ற சிறுதோட்டக்காரர்களின் அடுப்பு அதை நம்பியே எரிகிறது. முற்றாகப் புறக்கணித்தால் முதல் அடி அவர்களுக்கே விழும்.

ஆகவே, ஒதுக்குவதைவிடத் தேர்ந்தெடுத்து வாங்குவதே பயன் தரும். செம்பனை எண்ணெய் சேர்ந்த பொருள்களில் 2004ல் தொடங்கப்பட்ட ஆர்எஸ்பிஓ அமைப்பின் முத்திரையையும், காகிதப் பொருள்களில் எஃப்எஸ்சி முத்திரையையும் தேடிப் பாருங்கள். இவை குறையே இல்லாதவை அல்ல. ஆனால் முத்திரை பெற்ற நிறுவனம் விதி மீறினால் அதன்மீது புகார் கொடுக்க வழி இருக்கிறது. பொட்டலத்தில் வெறுமனே 'தாவர எண்ணெய்' என்று இருந்தால், அது செம்பனையாகவும் இருக்கலாம்.

முத்திரை உள்ள பொருள் சற்று விலை கூடுதலாக இருக்கலாம். மாதக் கடைசியில் காசை எண்ணிச் செலவிடும் குடும்பத்தால் அதைத் தாங்க முடியாது. தாங்கவேண்டும் என்று சொல்வதும் நியாயமில்லை. அவர்களுக்கும் ஒரு வழி உண்டு: குறைவாக வாங்குவது. மேசை துடைக்க டிஷ்யூவுக்குப் பதில் பழைய துணி, பொரித்த உணவு வாரத்தில் ஒரு நாள் குறைவு. இவை செலவு வைக்காமல் மிச்சமே தரும்.

சேமிப்பையும் மறந்துவிடக் கூடாது. வங்கியில் நாம் போடும் பணம் யாருக்கோ கடனாகப் போகிறது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெற்றுள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் நீடித்த நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகின்றன. காட்டை அழிக்கும் தொழிலுக்குக் கடன் தருவது பற்றி உங்கள் வங்கி என்ன சொல்கிறது என்று அதில் படிக்கலாம். தெளிவாக இல்லையென்றால், எழுதிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இந்த வாரம் வீட்டில் தீர்ந்துபோகும் ஒரே ஒரு பொருளை எடுத்து, அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். அடுத்ததை வாங்குவதற்குமுன் அலமாரியில் அதன் பக்கத்தில் இருப்பதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.