குருதியின் ஊற்று வற்றும்போது

நமது செங்குழியங்கள் ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கின்றன. குருதிச் சிறுதட்டுகளின் ஆயுளோ பத்து நாட்கள் வரைதான். இறப்பவற்றுக்கு ஈடாகப் புதியவற்றை நாள்தோறும் ஆக்கித் தருவது எலும்பினுள் இருக்கும் என்பு மச்சை. அங்குள்ள மூலக் கலங்களே எல்லாக் குருதிக் கலங்களுக்கும் ஊற்று.

சில பிள்ளைகளுக்கு இந்த ஊற்று சிறுவயதிலேயே வற்றத் தொடங்குகிறது. அத்தகைய அரிய நோய்களுள் ஒன்று ஃபன்கோனி குருதிச்சோகை. சுவிட்சர்லாந்தின் குழந்தை வைத்தியர் குய்டோ ஃபன்கோனி, 1927இல் மூன்று சகோதரர்களிடம் கண்டு இதனை விவரித்தார். இந்நோயுள்ளவர்களின் கலங்களுக்கு டி.என்.ஏயின் சில சிதைவுகளைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் இல்லை.

குருதிக் குறைபாட்டைத் தீர்க்க இதுவரை நிலைபெற்றுள்ள வழி, ஆரோக்கியமான ஒருவரின் மூலக் கலங்களைச் செலுத்துவதே. ஆனால், புதியவை குடியேற முதலில் பழைய மச்சையை அகற்ற வேண்டும். அதற்கான கடும் மருந்துகளும் கதிர்வீச்சும் டி.என்.ஏயைச் சிதைப்பவை. சிதைவைத் திருத்த இயலாத உடலுக்கு அந்த மருந்தே நஞ்சாகிவிடும்.

இந்த முடிச்சைப் படிப்படியாகவே அவிழ்த்தார்கள். பாரிஸ் நகரின் சென் லூயி வைத்தியசாலையில் எலியான் குளுக்மன், மருந்தின் அளவைப் பெரிதும் குறைத்தார். 1988இல் அவரே, இந்நோயுள்ள ஒரு சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த அவனது தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்தினார். உலகின் முதல் தொப்புள்கொடிக் குருதி மாற்று அதுதான். பின்னர் வந்த ஃபுளுடராபின் என்ற மருந்து, கதிர்வீச்சின் தேவையை மேலும் குறைத்தது.

2025இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று பிள்ளைகளின் சிகிச்சை பற்றி வெளியிட்டனர். கதிர்வீச்சுக்கும் புசல்பான் எனும் கடும் மருந்துக்கும் பதிலாக, பழைய மூலக் கலங்களை மட்டும் தேடிப் பற்றும் ஒரு பிறபொருளெதிரியைக் கொடுத்தனர். கொடையாளியின் கலங்களிலிருந்து, நோயாளியின் உடலைத் தாக்கக்கூடிய வெண்குழியங்களையும் முன்கூட்டியே நீக்கினர். இம்முறையில் பாதியளவே பொருந்தும் வாப்பாவோ உம்மாவோ கூடக் கொடையாளியாகலாம். இரண்டு ஆண்டுகளின் பின்னும் அம்மூவரின் மச்சையிலும் ஏறத்தாழ முழுவதும் கொடையாளியின் கலங்களே இருந்தன. மூவர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

நமக்கு அருகில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986இலேயே என்பு மச்சை மாற்றைத் தொடங்கியது. இப்போது கொழும்பிலும் இச்சிகிச்சை உண்டு. எனினும் பாதுகாப்பு சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொடங்குவதில்லை, வீட்டிலேயே தொடங்குகிறது.

வயதுக்கேற்ற உயரமின்மை, பெருவிரலில் பிறவிக் குறை, தோலில் தேநீர் நிறப் படைகள், சிறு அடிக்கும் தோல் கண்டிப்போதல், தீராத சோர்வு: இவற்றுள் சில ஒரு பிள்ளையிடம் சேர்ந்து தெரிந்தால் எப்.பி.சி பரிசோதனை செய்வியுங்கள். நோயை உறுதிப்படுத்த நிறமூர்த்த உடைவுச் சோதனை உண்டு.

குருதி ஏற்ற வேண்டுமென்றால் நானாவும் சாச்சாவும் ஓடிவந்து கை நீட்டுவது நம் ஊர் வழக்கம். ஆனால், மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு உறவினர் குருதியைத் தவிர்ப்பார்கள். அதனால் உடல் விழிப்படைந்து, பின்னர் அவர்களது மூலக் கலங்களை நிராகரிக்கக்கூடும். அவர்கள் பிறருக்குக் கொடுக்கட்டும். அந்நியர் இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். ஒரே பெற்றோரின் பிள்ளைகளுள் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தினாலும், அவருக்கும் இந்நோய் மறைந்திருக்கிறதா என்று சோதித்தே ஏற்க வேண்டும்.

பெரும்பாலும் இந்நோய், பெற்றோர் இருவரும் ஒரே பழுதுபட்ட பரம்பரையலகைச் சுமக்கும்போதே வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் முடிப்போரிடையே இது கூடுகிறது. ஆகவே "உம்மாவின் குறை" என்று எவரும் சொல்ல இடமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், திருமணத்துக்கு முன் வைத்திய ஆலோசனை பெறுவது அறிவுடைமை.

மாற்றுச் சிகிச்சை குருதியை மட்டுமே சீராக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் பின்னும் தொடர்கிறது. அப்பிள்ளைகள் வெற்றிலை, பாக்கு, புகையிலையை ஒருபோதும் தொடாதிருக்க வேண்டும். தவறாமல் பரிசோதனைக்கும் செல்ல வேண்டும்.