கீற்றணிக்கு முன் கண்ணாடி

2024 ஜனவரி 1 அன்று விண்ணுக்குப் போன இந்திய எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட்டின் இரு கருவிகளும் பெங்களூருவில் உருவானவை. போலிக்ஸ், ராமன் ஆய்வு நிறுவனத்தின் படைப்பு. எக்ஸ்பெக்ட், யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தின் நிறமாலைமானி. அதில், நெருக்கமான கோடுகளால் கதிரை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணி கிடையாது. சிலிக்கானில் விழும் ஒவ்வொரு எக்ஸ் கதிர் ஃபோட்டானும் எத்தனை எலக்ட்ரான்களை விடுவிக்கிறது என்று அளந்தே அதன் ஆற்றலைச் சொல்லிவிடுகிறது.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. கொதிக்கும் வாயுவில் இரண்டே எலக்ட்ரான் மிஞ்சிய ஆக்சிஜன் 574, 569, 561 எலக்ட்ரான் வோல்ட்டில் மூன்று கோடுகளை உமிழும். அவற்றின் பிரகாச விகிதம், வாயுவின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் காட்டிக்கொடுக்கும். இவ்வளவு செய்தி மூன்றே கோடுகளில்! ஆனால் அத்தகைய ஃபோட்டான் சிலிக்கானில் விடுவிப்பது சுமார் 156 எலக்ட்ரான்கள். அந்த எண்ணிக்கையும் முறைக்கு முறை கூடும், குறையும். எவ்வளவு நல்ல சில்லானாலும் விடை 35 எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குப் பரவிவிடும். மூன்று கோடுகளும் ஒன்றாகிவிடும்.

கீற்றணி ஆற்றலை எண்ணுவதில்லை. அலைநீளத்துக்கு ஏற்பக் கதிரை வளைக்கிறது. அலைநீளம் கூடக்கூட வளைவும் கூடும். ஆகவே சிலிக்கான் தடுமாறும் இடத்தில்தான் கீற்றணிக்கு வலு அதிகம். பெங்களூரு இதற்குப் புதியதல்ல. ஹோசகோட்டே வளாகத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஒருங்கிணைத்த, 2015இல் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் பறந்த புற ஊதாத் தொலைநோக்கியில் மில்லிமீட்டருக்கு 400 கோடுகள் கொண்ட கீற்றணிகள் இருக்கின்றன.

ஆனால் எக்ஸ் கதிருக்கு அந்த நெருக்கம் போதாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் விண்வெளி ஆய்வகத்தில் கீற்றணியின் தங்கப் பட்டைகள் 400 நானோமீட்டருக்கு ஒன்றாகவும், இன்னொரு வகையில் 200 நானோமீட்டருக்கு ஒன்றாகவும் நிற்கின்றன. வரும் ஃபோட்டான்களில் பெரும்பகுதி தங்கத்தில் உறிஞ்சப்படும், அல்லது வளையாமல் நேரே போய்விடும். அந்த இழப்பைத் தாங்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும்.

அதைவிடக் கடினமானது கண்ணாடி. 400 நானோமீட்டர் கீற்றணி, ஆக்சிஜன் கோடுகளில் முதலாவதையும் கடைசியையும் 26 ஆர்க் விநாடிதான் விலக்குகிறது. எட்டரை மீட்டர் தள்ளியுள்ள உணரியில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். விண்மீனின் பிம்பம் அதைவிடப் பரந்திருந்தால் கோடுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சந்திராவின் கனத்த கண்ணாடிகள் அரை ஆர்க் விநாடிக்குக் குவிக்கின்றன. எடை குறைய வேண்டி மெல்லிய அலுமினியத் தகடுகளால் அமைத்த ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர்க் கண்ணாடி, ஒளியை ஆர்க் நிமிடக் கணக்கில் பரப்பிவிடுகிறது. எக்ஸ்பெக்டில் குவிக்கும் கண்ணாடியே இல்லை. நம் கீற்றணி விண்ணுக்குப் போக வேண்டுமானால், வேலையைத் தங்கப் பட்டைகளில் தொடங்காமல் கண்ணாடியை மெருகேற்றும் பட்டறையில் தொடங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.