இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஏற்ற பாதை: கெலுகோர் கடலோரத்தில் அரை மணி நேர மிதிவண்டிப் பயணம்

கெலுகோர்: பினாங்குப் பாலத்தின் தீவுப் பக்க முனை கெலுகோரில் இறங்குகிறது. அங்கிருந்து தெற்கே, கடலை ஒட்டி, குவீன்ஸ்பே பேரங்காடிப் பக்கம் போனால் தூரம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஐந்து. நிதானமாக மிதித்தால் அரை மணி நேரம் பிடிக்கும். வழியில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை ஓடும் இந்தக் கரையின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். குன்றுகள் எல்லாம் மேற்கே, பல்கலைக்கழகம் இருக்கும் மிண்டன் பக்கம் நின்றுவிடுகின்றன. சுங்கை டுவா, சுங்கை நிபோங் என்று இங்குள்ள ஊர்ப்பெயர்களிலேயே ஆறு இருக்கிறது. சிற்றாறுகள் கடலில் கலக்கும் இடங்களில் அலையாத்திச் செடிகளும் மீனவர் படகுகளும் தெரியும். நீர் வற்றிய நேரமானால் சேற்றில் கொக்குகள் நிற்கும்.

இந்தத் தட்டையான பாதை நம்மவர்களுக்கு ஏன் முக்கியம்? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். ‘எல்லாம் பரம்பரை’ என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு நிற்பவர்கள் நம்மில் அதிகம். பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால், பால் வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளில் போன தோட்டத் தலைமுறைக்கும், மாடி வீட்டிலிருந்து காரில் ஏறி அலுவலக நாற்காலியில் இறங்கும் தலைமுறைக்கும் உடல் உழைப்பில் எவ்வளவு வேறுபாடு!

மிதிக்கும்போது உடலில் நடப்பது இதுதான். தொடைத் தசைகள் உடலின் பெரிய தசைகளில் சேர்ந்தவை. அவை வேலை செய்யும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இறங்கிய பிறகும் பல மணி நேரத்துக்கு, சிலருக்கு மறுநாள் வரைக்கும், இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். உடல் எடையை இருக்கை தாங்குவதால், நடந்தால் முட்டி வலிக்கிறது என்பவர்களுக்கும் இது ஒத்துவரும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள் இந்தப் பாதைக்கு வந்தால் கணக்கு சரியாகிவிடும். வேகம் தேவையில்லை, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மிதிக்கும்போது சர்க்கரை அளவு 4-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். பினாங்கு வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால்தான் பலர் அதைக் களைப்பு என்று எண்ணி மேலும் மிதிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் உடனே இறங்கி உட்கார வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீரோ, சீனி போட்ட ஒரு பொட்டலப் பானமோ குடித்து, 15 நிமிடம் பொறுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ‘சீனி கூடாது’ என்ற வழக்கமான கட்டுப்பாடு அந்த நேரத்துக்குப் பொருந்தாது. பசியாறாமல் வெறும் வயிற்றில் கிளம்புவதும் இவர்களுக்கு ஆகாது. இருதய நோயோ, இனிப்பு நீரால் கண் பாதிப்போ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

சிலிப்பர் வேண்டாம், மூடிய காலணி அணியுங்கள். கால் மரத்துப்போனவருக்குக் காயம் பட்டதே தெரியாது. வீடு திரும்பியதும் பாதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தலைக்கவசம் அவசியம். சாலையைக் கடக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே பத்திரம்.

இது கிழக்குக் கரை. பிறை பக்கமிருந்து எழும் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மாலை ஐந்தரைக்குப் பிறகு சூரியன் மலைப்பக்கம் சாய்ந்துவிடுவதால் பெரியவர்களுக்கு அந்த நேரமே சுகம்.

குவீன்ஸ்பே முனையில் நின்று பார்த்தால் எதிரே காடு மூடிய தீவு ஒன்று தெரியும். அதுதான் புலாவ் ஜெரஜாக். 1868-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு தொடங்கியது. பிறகு அதுவே கப்பல் பயணிகளைத் தடுத்து வைக்கும் இடமாகவும் ஆனது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களில் பலர், அம்மை, காலரா பயத்தால் அங்கே நாள்கணக்கில் இருந்த பிறகே கரை சேர்ந்தார்கள். 1969 முதல் 1993 வரை அது சிறைத் தீவு. மாலையில் அங்கே உட்கார்ந்து இளைப்பாறும் தாத்தா பாட்டிகளில் சிலருடைய பெற்றோர் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது அந்தத் தீவாகவும் இருக்கலாம். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கையை நீட்டிக் காட்டலாம். திரும்பும் இரண்டரை கிலோமீட்டருக்குப் பேச விஷயம் கிடைக்கும்.