கயிறு சுமக்கும் ராக்கெட்

போர்ட் கிள்ளானில் வந்து நிற்கும் பெரிய கொள்கலன் கப்பல்களில் ராக்கெட் இருக்கிறது, தெரியுமா? ஒன்றல்ல, குறைந்தது நான்கு. வெடிக்க அல்ல, கயிறு வீச! அனைத்துலகக் கடல் பாதுகாப்பு விதியான சோலாஸ்படி, காற்றில்லாத வேளையில் அந்த ராக்கெட் கயிற்றை 230 மீட்டராவது கொண்டுபோக வேண்டும். விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் கயிறு ஆபத்தில் இருக்கும் கப்பலில் விழுந்ததும், அதன் முனையில் தடித்த வடத்தைக் கட்டி இழுத்துக்கொள்வார்கள்.

ராக்கெட்டில் நம்மவர் பங்கும் உண்டு. 1780-இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூர்ப் போரில் பிரிட்டிஷ் படையைக் கலங்கடித்தவை மைசூரின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள். அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் போர் ராக்கெட் செய்தார். 1807-இல் அந்நாட்டின் கார்ன்வால் கரையருகே ஆன்சன் கப்பல் உடைந்து பலர் மாண்டதைக் கண்ட ஹென்றி டிரெங்ரூஸ், ராக்கெட்டில் கயிற்றைக் கட்டினார். பிற்பாடு அந்தக் கயிற்றின் வழியே, கால்சட்டை தைத்த மிதவை வளையத்தில் ஆட்களை உட்காரவைத்துக் கரைக்கு இழுத்தார்கள். பார்க்க வேடிக்கைதான், உயிர் பிழைத்தவர்கள் ஏராளம்.

பெட்ரோல் ஏற்றிய கப்பலை நோக்கிச் சுடுமுன் மட்டும், சுடலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 'ராக்கெட் சுடுவது ஆபத்து' என்று அந்தக் கப்பல் சொல்ல, ஜி, யூ என இரு கொடிகள் உண்டு.