மேஜை மேல் ஒரு யுத்தம்

சென்ற நவராத்திரியில் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டுப் பாட்டி எங்கள் வீட்டுக்குக் கொலுப் பார்க்க வந்தார். செங்கற்பட்டில் எங்கள் தெருவில் கொலுப் பார்ப்பதில் அவரை மிஞ்சியவர் கிடையாது. மேல் படியில் இருந்த தெய்வங்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். கீழ்ப் படியில் இருந்த செட்டியார் தம்பதிகளுக்குச் சென்ற வருஷம் பூசிய வர்ணம் இந்த வருஷம் உதிர்ந்துவிட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னார். சுண்டலையும் வாங்கிக் கொண்டார். பிறகு, கூடத்து மூலையில் கிடந்த ஒரு பெரிய மேஜையின் பக்கம் அவர் பார்வை திரும்பியது.

அந்த மேஜையில் மணல் பரப்பியிருந்தது. துடைப்பக் குச்சியில் செய்த பனைமரங்கள் நின்றன. நீல வர்ணம் பூசிய கண்ணாடித் துண்டு ஒன்று ஏரியாகப் படுத்திருந்தது. இவற்றுக்கு நடுவே ஓரங்குல உயரமுள்ள பொம்மைச் சிப்பாய்கள் துப்பாக்கி ஏந்தி அணி அணியாக நின்றார்கள்.

பாட்டி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் தம்பி, சண்டை போடுகிறாற்போல் இருக்கிறதே, இதிலே நம்ம ஆட்கள் எந்தப் பக்கம்?”

நாங்கள் நாலு சிநேகிதர்கள் அங்கே இருந்தோம். இரண்டு பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒருவர் தபாலாபீஸ் உத்தியோகஸ்தர், ஒருவர் வக்கீல். நாலு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பாட்டியின் கேள்விக்கு நாலு பேரில் ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வக்கீல்கூட வாயைத் திறக்கவில்லை என்றால் வாசகர்கள் நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம்.

பைத்தியம் பிடித்த கதை

எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2022-ஆம் வருஷத்தில். அந்த வருஷம் ஜூலை மாதக் கடைசியிலிருந்து ஆகஸ்டு 10-ஆம் தேதி வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து கூடினார்கள். வேட்டி கட்டிய குதிரையாகிய “தம்பி” ஊருக்கு ஊர் கை கூப்பி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாங்களும் ஒரு நாள் டிக்கெட் வாங்கிப் போனோம்.

அந்தப் பந்தயம் நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த காரணத்தை யோசித்தால் சற்று விசித்திரமாகவே இருக்கும். அது ருஷ்யாவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததால் அங்கே நடத்த முடியாமல் போய்விட்டது. அதாவது, நிஜ யுத்தம் ஒன்று மூண்டதால் பொம்மை யுத்தம் இடம் மாறி மாமல்லபுரத்துக்கு வந்தது! கடைசியில் பெண்கள் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் யார் என்றால், அந்த உக்ரேன் நாட்டுப் பெண்களே. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்க, இங்கே மரக் காய்களை நகர்த்திய அந்த ஐந்து பெண்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் தபாலாபீஸ் சிநேகிதர் ஒரு விஷயம் சொன்னார். “சதுரங்கத்தில் யானை இருக்கிறது, குதிரை இருக்கிறது, சிப்பாய் இருக்கிறான். ஆனால் ஏரி இல்லை, ரஸ்தா இல்லை, இருட்டு இல்லை, பயம் இல்லை. சிப்பாய் பின்னால் ஓட முடியாது என்று சட்டம் வேறு! ஓடாத சிப்பாய் எந்த ஊரில் இருக்கிறான்?” என்றார்.

அவருக்கு முன்பே இந்தக் குறை வேறொருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் எங்கள் ஜாதிதான். அதாவது வாத்தியார் ஜாதி. ஜெர்மனியில் பிரன்ஸ்விக் நகரத்துக் கணித ஆசிரியர் ஹெல்விக் என்பவர், சதுரங்கப் பலகையை ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, அதில் மலை, ஆறு, சதுப்பு நிலம் எல்லாவற்றையும் வர்ணத்தால் குறித்து, 1780-இல் ஒரு யுத்த விளையாட்டை வெளியிட்டார். பிறகு பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தகப்பனார் கட்டங்களை அடியோடு நீக்கினார். அவருடைய பிள்ளை 1824-இல் அதைத் தேசப் படத்தின் மேல் ஆடும் ஆட்டமாகச் செம்மைப்படுத்தினார். அளவுகோலால் தூரத்தை அளப்பது, பகடையால் அதிர்ஷ்டத்தை நிர்ணயிப்பது, இரு கட்சிக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்து கண்ணுக்குத் தெரியக் கூடியதை மட்டும் தெரிவிப்பது என்னும் ஏற்பாடுகள் அப்போது உருவானவை. பிரஷ்ய சேனை அதிகாரிகளுக்கு அது பாடமாகவே ஆகிவிட்டது. பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுக் கூடத்தில் ஆடும் முறைக்கு 1913-இல் புத்தகம் எழுதிச் சட்டம் வகுத்தவர், பிரபல ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். இன்று பல தேசங்களில் பெரியவர்கள் மாதக் கணக்கில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடுகிறார்கள்.

எந்த யுத்தம்?

விளையாடுவதென்று தீர்மானித்த பிறகு எந்த யுத்தத்தை ஆடுவது என்ற கேள்வி வந்தது. வாட்டர்லூ என்றார் வக்கீல். நாங்கள் ஒப்புக் கொள்ளவில்லை. வாசலிலேயே ஒரு யுத்தம் இருக்க, பெல்ஜியத்துக்குப் போவானேன்?

செங்கற்பட்டுக் கோட்டையைத் தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து போகிறார்கள். ரயில் பாதையே அந்தக் கோட்டையின் ஊடே செல்கிறது. விஜயநகர அரசர் காலத்துக் கோட்டை அது; கொளவாய் ஏரியும் சதுப்பு நிலமுமே அதற்குப் பெரிய காவல். 1752-இல் அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் கோவளம் கோட்டையும் அவர்கள் வசமே இருந்தது. இரண்டையும் பிடிப்பதற்காகச் சென்னையிலிருந்து ராபர்ட் கிளைவ் புறப்பட்டான். அவனிடம் இருந்தவர்கள் சீமையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய 200 வெள்ளைக்காரர்கள். புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள்.

இந்த வீரர்களின் பராக்கிரமத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மெக்காலே 1840-இல் கிளைவைப் பற்றி எழுதிய பிரசித்தமான கட்டுரையில் அது வருகிறது. கோவளத்துக் கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவனைக் கொன்றதும் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி ஓட்டம் பிடித்தார்களாம். மற்றொரு சமயம் பீரங்கிச் சத்தம் கேட்டு மறைந்த காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியிலிருந்து கண்டெடுத்தார்களாம்!

ஆனாலும் கோவளம் விழுந்தது. அது விழுந்த செய்தி தெரியாமல், அதைக் காப்பாற்றச் செங்கற்பட்டிலிருந்து ஒரு படை வந்துகொண்டிருந்தது. கிளைவ் வழியில் மறைந்திருந்து தாக்கினான். ஒரே வெடியில் நூறு பேர் மாண்டார்கள். முந்நூறு பேர் சிறைப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களைத் துரத்திக்கொண்டே போய்ச் செங்கற்பட்டையும் முற்றுகையிட்டுப் பிடித்துவிட்டான்.

இத்தனைக்கும் 1748-லேயே ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சமாதானம் ஏற்பட்டிருந்தது. அங்கே சமாதானம், இங்கே ஆர்க்காட்டு நவாபுப் பதவியின் பெயரால் சண்டை!

வர்ணம் தீட்டிய கதை

வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைப் பெட்டியின் விலையைக் கேட்டதும், ஆசிரியர்கள் இருவரும் அந்த யோசனையைக் கைவிட்டோம். குழாய் ஒழுக்கு அடைக்கும் எம்-சீல் பசையை வாங்கி, கம்பியின் மேல் அப்பி, குண்டூசியால் சீவிச் செதுக்கி ஒரு சிப்பாயைச் செய்தோம். அவன் உருப்படியாவதற்குள் ஆறு பேர் உருக்குலைந்தார்கள். பிறகு அவனுக்கு ரப்பர் அச்சு எடுத்து வார்த்தோம். ஒரு பொம்மைக்கு இருபது வீரர் என்று கணக்கு.

வர்ணம் பூசும் முறையைக் காஞ்சீபுரம் பொம்மைக்காரத் தெருவில் வேலை நடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். முதலில் உடம்பு முழுவதும் வெள்ளைப் பூச்சு. அது நன்றாக உலர வேண்டும். அப்புறம் மேனி நிறம், அப்புறம் உடை. எங்கள் பொம்மை மிகச் சிறியதாகையால், நீர்த்த கறுப்பு வர்ணத்தை மடிப்புகளில் ஓடவிட்டோம். வர்ணத்தைக் கந்தலில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களைத் தடவினோம். அப்போதுதான் முகமும் முழங்கையும் எழுந்து வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், மூன்று சைபர் தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு கண் திறக்க வேண்டும். கை ஒரு மயிரிழை தவறினால் சிப்பாய்க்கு மாறு கண்தான். ஒரு பொம்மைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இங்கேதான் நாங்கள் எதிர்பாராத சங்கடம் ஒன்று வந்தது. வெள்ளைக்காரர்களை எளிதில் பிரித்துவிட்டோம்: ஆங்கிலேயருக்குச் சிவப்புச் சட்டை, பிரெஞ்சுக்காரருக்கு வேறு நிறம். சிப்பாய்களுக்கு என்ன வர்ணம்? ஆங்கிலேயரின் சிப்பாய்க்கு ஒன்று, பிரெஞ்சுக்காரரின் சிப்பாய்க்கு ஒன்று வேண்டுமல்லவா? புத்தகங்களைப் புரட்டினோம். சென்னையில் சிப்பாய்ப் படையை ஒழுங்காக அமைத்தது 1758-லும் அதற்குப் பிறகும்தான். 1752-இல் பெரும்பாலோர் தங்கள் சொந்த உடையிலேயே சண்டைக்குப் போனார்கள். இந்தப் பக்கமும் அதே தலைப்பாகை. அந்தப் பக்கமும் அதே தலைப்பாகை. இந்தப் பக்கமும் அதே மேனி நிறம். அந்தப் பக்கமும் அதே.

அடையாளம் தெரியாவிட்டால் ஆட முடியாதே! கடைசியில் பொம்மை நிற்கும் வட்டத் தகட்டின் விளிம்பில் மட்டும் ஒரு பக்கத்துக்குச் சிவப்பும் ஒரு பக்கத்துக்கு நீலமும் தீட்டினோம். அந்த மெல்லிய கோட்டைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது.

நூறு பேர், ஐந்து பொம்மை

ஆட்டத்தில் இன்னொரு தொல்லை. முடிவு எங்கள் எல்லாருக்கும் தெரியும். பதுங்கி இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்தத் தளபதி அந்த வழியாக வருவான்? ஆகையால் நடுவராக இருந்தவர் முன்னதாகவே ரகசியமாகப் பகடை உருட்டிக் கோவளம் விழுந்ததா இல்லையா என்பதை முடிவு செய்தார். மேஜைக்குக் குறுக்கே ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினோம். திரைக்கு அப்பால் நடப்பதில் எது தெரியக் கூடுமோ, அதை மட்டும் அவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கிணற்றில் ஒளிந்தவனை மறக்காமல், ஒரு “பயப் பரீட்சை”யும் வைத்தோம். குண்டு பட்ட அணி பகடை உருட்ட வேண்டும். நாலுக்குக் குறைந்தால் ஓட்டம்!

முதல் இரண்டு முறையும் சரித்திரம் மாறிப் போயிற்று. ஒரு முறை கிளைவின் படை பகடைக்குப் பயந்து சென்னைக்கே ஓடிவிட்டது. மூன்றாவது முறை, 1752-இல் நடந்தது போலவே நடந்தது. செங்கற்பட்டிலிருந்து வந்த படைக்குத் தபாலாபீஸ் சிநேகிதர் தளபதி. சுமார் 700 சிப்பாய்கள், அதாவது முப்பத்தைந்து பொம்மைகள், பனந்தோப்பை நெருங்கின. நடுவர் திரையை விலக்கினார். பகடை உருண்டது. “ஐந்து பொம்மை” என்றார் நடுவர்.

தபாலாபீஸ் சிநேகிதர் கையை நீட்டி ஐந்து பொம்மைகளை எடுத்தார். ஒரு கையிலேயே அடங்கிவிட்டன. அந்த ஐந்தும் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கண் திறந்தவை. அவர் அவற்றைப் பெட்டியில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஒரே வெடியில் நூறு பேர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்; எங்களில் இருவர் அதைப் பாடமாகவும் சொல்லியிருக்கிறோம். ஒரு நொடி நின்று யோசித்ததில்லை. கிளைவின் பெயரைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தோம். அந்த நூறு பேருக்குப் பெயர் உண்டு என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

அஹிம்சையைப் போதித்த நாட்டில் யுத்தத்தை விளையாட்டாக ஆடலாமா என்று பெரியவர் ஒருவர் எங்களைக் கடிந்துகொண்டார். நியாயமான கேள்விதான். ஆட்டத்தில் எங்களுக்கு உற்சாகம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால், வெல்ஸ் தம் புத்தகத்தின் முடிவில் சொல்லும் அபிப்பிராயம் இதுவே: பொம்மை யுத்தத்தை மூன்று நாலு தடவை ஆடிப் பார்த்தவனுக்கு, நிஜ யுத்தம் எவ்வளவு பெரிய குளறுபடி என்பது விளங்கிவிடும் என்கிறார். அவர் புத்தகம் வெளிவந்த மறு வருஷமே, 1914-இல், உலக மகாயுத்தம் மூண்டது. ஆடிப் பார்த்தவர்கள் போதவில்லை போலிருக்கிறது.

பாட்டிக்குப் பதில்

பாட்டி கேட்ட பிறகுதான் நாங்கள் மொத்தப் பொம்மைகளையும் எண்ணினோம். தொண்ணூறு பொம்மைகள். அவற்றில் வெள்ளைக்காரர் பதினைந்து; மற்ற எழுபத்தைந்தும் இந்த நாட்டார். அவர்களிலும் ஐம்பது பேர் ஒரு பக்கம், இருபத்தைந்து பேர் ஒரு பக்கம்.

“இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள்தான் பாட்டி” என்றோம்.

“பின்னே யாரோடு சண்டை?” என்று கேட்டார் பாட்டி.

அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. பாட்டி பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. சிவப்பு விளிம்பில் மூன்றும் நீல விளிம்பில் இரண்டுமாக ஐந்து சிப்பாய்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய், கொலுவின் கீழ்ப் படியில், செட்டியாருக்கும் காய்கறிக்காரிக்கும் நடுவே வரிசையாக நிறுத்தினார். விளிம்பு தெரியாமல் கொஞ்சம் அரிசியையும் காலடியில் தூவினார்.

விஜயதசமியன்று கொலுவை எடுத்து வைக்கும்போது, அரிசியை ஊதித் தகட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான், யார் எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று எங்களுக்கே தெரிந்தது.